வீட்ல வாயும் வயிறுமா இருக்கு

"சார், வீட்ல வாயும் வயிறுமா இருக்கு. கூட ஆள் இல்லை. பதினஞ்சு நாள் லீவு வேணும்."

போனில் அவன் இதைச் சொன்னபோது, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கே தெரியாத செய்தி.

லீவு கிடைத்துவிட்டது. அவன் போனை வைத்தான்.

"ஏங்க, யாரு வாயும் வயிறுமா இருக்கா?"

அவன் கண்ணாடித் தொட்டியைக் காட்டினான். உள்ளே டீ நிறத் தண்ணீரில் ஒரு காட்டு பெட்டா மீன். கடையில் தோகை விரித்துக் காட்டும் ஃபைட்டர் மீனுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை. ஆள் பார்க்கச் சுமார்தான். ஆனால் பெட்டை போடும் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாப்பது இந்த ஆண்தான். இப்போது அதன் தாடை உப்பிக் கிடந்தது. குஞ்சுகள் வெளியே வரப் பதினஞ்சு நாள் ஆகும்.

"வீட்லதானே இருக்கு? வாயில முட்டை இருக்கு. வயிறு எல்லா மீனுக்கும் இருக்கு. இதுல நான் எங்க பொய் சொன்னேன்?"

"நல்லா இருக்கு! என் பிரசவத்துக்கு ஒரு நாள் லீவு தராத மனுஷன், மீனுக்குப் பதினஞ்சு நாள் தூக்கிக் கொடுத்துட்டாரா?"

"அதான் மீனுன்னு சொல்லலையே" என்றான் அவன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

மகள் பிறந்து ஏழு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் தனியாக வலியோடு கிடந்த அன்று அந்த மேனேஜர் மேல் ஏறிய கோபம் அவளுக்கு இன்னும் இறங்கவில்லை. ஆபீசில் அவருக்குக் 'கடுகு' என்று பட்டப்பெயர். எப்போது வெடிப்பார் என்று யாருக்கும் தெரியாதாம். அவன்தான் சொல்லியிருந்தான்.

சும்மா சொல்லக்கூடாது, மீன் விஷயத்தில் அவன் கவலை நியாயமானது. மிரண்டால் அது முட்டைகளை விழுங்கிவிடும். ஏற்கெனவே மூன்று தடவை விழுங்கியாயிற்று. முதல் தடவை மிக்ஸி சத்தம். இரண்டாம் தடவை கதவு. மூன்றாவது தடவை அவனுடைய தும்மல்தான். அதையும் மனைவி கணக்கில் எழுதப் பார்த்தான், நடக்கவில்லை.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. காலிங் பெல்லைக் கழற்றினான். குக்கருக்கு விசில் போட விடவில்லை. சாயங்காலமானால் மகள் எதிர்வீட்டில் போய்த்தான் விளையாட வேண்டும். வீட்டில் குசுகுசுவென்றுதான் பேச்சு.

"பாரு, பத்து நாளா ஒரு வாய் சாப்பிடலை. அப்பான்னா இதுதான் அப்பா" என்றான், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த மனைவியிடம். அவள் சீப்பை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு மறுபடி பின்னினாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். திறந்தால், கையில் ஒரு பை ஆப்பிளோடு மேனேஜர்!

"உங்க வீட்டம்மாவைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்யா."

அவன் உள்ளே ஓடி மனைவியிடம் கையெடுத்துக் கும்பிட்டான்.

"உண்மையை மட்டும் சொல்லிடாதே. மெதுவாப் பேசு. இன்னும் மூணே நாள்தான்."

"காட்டிக் கொடுக்க மாட்டேன். ஆனா வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காம அனுப்ப மாட்டேன்" என்று கிசுகிசுத்தாள் அவள். ஏழு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்விகள்!

மேனேஜர் சோபாவில் உட்கார்ந்தார். அவள் எதிரில் வந்து நின்றாள்.

"வாங்க சார்" என்றாள், காற்றாக.

"அடடா, பேசக்கூடத் தெம்பு இல்லையாம்மா? உட்காருங்க, உட்காருங்க." அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், நான் மனசுல வெச்சுக்காம கேட்டுடறேன். என் பொண்ணு பிறந்தப்ப இவருக்கு ஒரு நாள் லீவு கொடுத்திருந்தா உங்க ஆபீஸ் இடிஞ்சா விழுந்திருக்கும்?"

அவன் தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

மேனேஜர் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இவர் எங்கம்மா லீவு கேட்டார்? ஆபீசே சொல்லிச்சு, போய்யான்னு. 'நான் போய் என்ன சார் பண்ணப் போறேன், அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்'னு உட்கார்ந்துட்டார். ஞாயித்துக்கிழமைகூட வந்தார்."

அவன் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"அதனாலதாம்மா இந்தத் தடவை இவரே போன் பண்ணிக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மனுஷன் திருந்திட்டாருன்னு ஆபீஸ் முழுக்கச் சொன்னேன்." எழுந்து அவன் தோளைத் தட்டினார். "பதினஞ்சு பத்தலைன்னா இன்னும் எடுத்துக்கய்யா. நல்லாப் பார்த்துக்க."

ஆப்பிள் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அவன் திரும்பினான். ஏழு வருஷக் கோபமும் முகவரி மாறி அவன் முன்னால் நின்றது. வெட்கத்தில் அவனுக்கு முகம் எரிந்தது. இதோ ஆரம்பிக்கப் போகிறாள். தெருவே கூடப் போகிறது. மீன் விழுங்கப் போகிறது.

"கத்து. நான் பண்ணினது தப்புதான். என்ன வேணா கேளு" என்றான்.

அவள் தொட்டிக்குள் ஒரு தடவை குனிந்து பார்த்தாள். பிறகு அவன் காதருகே வந்து, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்:

"பாவம், அதுவாவது நல்ல அப்பாவா இருந்துட்டுப் போகட்டும். மூணு நாள்ல முதல்ல அது வாயைத் திறக்கட்டும். அப்புறம் நான் திறக்கிறேன்."