வெந்நீர்ச் சட்டி

"மஹ்பூபா எங்களைப் பத்தி நோட்டுல எழுதிட்டு வாரா டாக்டர். யாரு என்னைக்கு என்ன தப்புப் பண்ணுதோம்னு."

சொல்லிவிட்டு அந்த நோட்டை டாக்டர் சௌந்தரபாண்டியனின் மேசையில் வைத்தாள் நர்ஸ் முப்பிடாதியம்மாள். கூட வேலை பார்க்கும் மஹ்பூபாவின் பையிலிருந்து அவளுக்குத் தெரியாமல் எடுத்தது.

சங்கரன்கோவிலில் ஒரு பணக்காரக் குடும்பம் தர்மத்துக்கு நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. ஒரு டாக்டர், மூன்று நர்ஸ். காலையில் நூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள். எழுபத்தெட்டாம் வருஷம். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்ப ஊசி போட்ட காலம்.

நாலைந்து மாதமாகவே மஹ்பூபாவின் போக்கு சரியில்லை என்று பேச்சு. லீவு நாளில் பஸ் ஏறி குருவிகுளம், பனவடலிசத்திரம், புளியங்குடி என்று நோயாளிகளின் வீடு தேடிப் போய்க்கொண்டிருந்தாள். தனியாக வைத்தியம் பார்க்க ஆள் பிடிக்கிறாள் என்றுதான் முப்பிடாதியம்மாள் முதலில் நினைத்தாள். நோட்டில் தேதி, நேரம், பெயர் என்று வரிசையாகக் கண்டதும், இது காட்டிக் கொடுக்கிற வேலை என்று முடிவு கட்டிவிட்டாள். முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லை.

டாக்டர் மூன்று நர்ஸையும் கூப்பிட்டார். நோட்டைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

மஹ்பூபா மறைக்கவில்லை. பனவடலிசத்திரத்திலிருந்து முருகம்மாள் என்று ஒருத்தி, களையெடுக்கப் போகிறவள், இடுப்பில் ஊசி போட்ட இடம் சீழ் வைத்து வந்தாள். கீறிவிட்ட பிறகு இரண்டு மாதம் அவளால் குனிய முடியவில்லை. "நீ போட்ட ஊசிதான் தாயி" என்று மட்டும் சொன்னாள். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன் என்றாள் மஹ்பூபா.

அன்றிலிருந்து தான் ஊசி போட்டவர்களில் வீடு தேடிப் போக முடிந்தவர்களை மட்டும் எழுத ஆரம்பித்தாள். பத்து நாள் கழித்து வீட்டுக்கே போய் ஊசி போட்ட இடத்தைப் பார்த்தாள். கொதிக்க வைத்த சிரிஞ்சில் போட்டவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். கட்டி வந்தது ஒருவருக்கு. கூட்டம் நெருக்கும்போது வெந்நீர்ச் சட்டியில் முக்கி எடுத்து அப்படியே போட்டது தொண்ணூற்றேழு பேருக்கு. கட்டி வந்தது பதின்மூன்று பேருக்கு. அதில் ஒருவர், குருவிகுளத்தில் ஆடு மேய்க்கிற மூக்காண்டி, சீழ் ரத்தத்தில் கலந்து இறந்துபோனார்.

மூக்காண்டி வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் முதல் ஒரு மாதம், ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைத்துத்தான் போட்டாள். ஒருத்தருக்கும் கட்டி இல்லை. வரிசை நகரவில்லை என்று டாக்டர் அவளை ஏசியது அந்த மாதத்தில்தான்.

இன்னும் ஒரு ஸ்டவ்வும் ஆறு சிரிஞ்சும் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் கொதிக்க விட்டால் போதும் என்றாள். பன்னிரண்டு மணிக்கு முடிகிற வேலை இரண்டு மணி வரை இழுக்கும், அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் தன் சொந்தக் கிளினிக்கில் இருக்க வேண்டும்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். முப்பிடாதியம்மாள் தன் பெயர் வரப்போகிறது என்று நின்றாள்.

"இந்த ஊசியெல்லாம் போட்டது யாரு யாரு?"

"எல்லாம் நான்தான் டாக்டர். என் கையால போட்டத மட்டுந்தான் எழுதினேன். அடுத்தவங்க வேலைய எழுத எனக்கு என்ன உரிமை இருக்கு?"

முப்பிடாதியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் நோட்டை மூடினார்.

"அப்போ கோளாறு சிரிஞ்சுல இல்ல. உங்க கையில."

மற்ற இரண்டு பேரையும் பார்த்து, இங்கே கொதிக்க வைக்காமல் ஊசி போடுகிற வழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அதையே ஒரு தாளில் எழுதி நீட்டினார். முப்பிடாதியம்மாள் புருஷனை இழந்தவள், மூன்று பெண் பிள்ளைகள். பேனாவை வாங்கும்போது அவள் மஹ்பூபாவின் பக்கம் திரும்பவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

மூக்காண்டி செத்ததற்கு மஹ்பூபா தன் கையாலேயே எழுதிய சாட்சி இருந்தது. அன்றைக்கே வேலையை விட்டு நீக்கினார்கள். நோட்டை மட்டும் திருப்பிக் கேட்டாள். ஆஸ்பத்திரி விஷயம் வெளியே போகக் கூடாது என்று டாக்டர் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். ஏசப் போகிறாள் என்றுதான் முப்பிடாதியம்மாள் நினைத்தாள்.

"அக்கா, கட்டி வந்தவங்கள்ல நாலு பேரு இன்னும் கட்டு மாத்த வருவாங்க. கொஞ்சம் பாத்துக்கோங்க."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, டாக்டரின் அம்மாவுக்குக் காய்ச்சல். டாக்டரே கைத்தாங்கலாக ஊசி அறைக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். வெளியே வரிசை தெரு வரைக்கும் நின்றது. முப்பிடாதியம்மாள் வழக்கம்போல வெந்நீர்ச் சட்டிக்குள் இருந்த சிரிஞ்சை எடுத்தாள்.

டாக்டர் சட்டென்று அவள் கையைப் பிடித்தார்.

"அது வேண்டாம். வேற எடுத்து, புதுத் தண்ணி ஊத்தி இருபது நிமிஷம் கொதிக்க வைங்க. அதுவரைக்கும் அம்மா உக்காந்திருக்கட்டும்."

அவள் ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"அதுக்காக வரிசைய நிறுத்த வேண்டாம். மத்தவங்களுக்குச் சட்டியில இருக்கிறதுலயே போடுங்க."