கூடுதலாக ஒரு சிட்டிகை

ரூபன் எழுந்தான், பல் தேய்த்தான், காபி போட்டான். பிறகு கூடத்திலிருந்த கடல்நீர்த் தொட்டியில் ஒரு சிட்டிகை இரை தூவினான். கூடுதலாக இன்னொரு சிட்டிகையும் தூவினான்.

“ஏங்க, போதும்! தண்ணி கெட்டுரும்,” என்றது தொட்டி, மெல்பாவின் குரலில்.

தொட்டியைக் கண்காணிக்கும் பேசும் கருவிக்கு அவன் மனைவி மெல்பாதான் ஆசையாகத் தன் குரலைப் பழக்கியிருந்தாள். சாலை விபத்தில் அவள் போன பிறகும் அது பேசிக்கொண்டிருந்தது. அதட்டும்போது மட்டும் அவளாகவே இருந்தது. அதைக் கேட்பதற்காகவே அவன் தினமும் அதிகமாக இரை போட்டான்.

ஒருநாள் தண்ணீர் கலங்கி, மீன்கள் செத்து மிதந்தன. பவளங்கள் வெளுத்துப்போயின.

“வருத்தப்படாதீங்க, உங்க தப்பு இல்ல,” என்றது தொட்டி. மெல்பா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாள்.

அவள் தம்பி ஷெல்டன் கேன்களில் நல்ல கடல்நீர் கொண்டுவந்து மாற்றினான். மெல்பா ஒட்டிவைத்த ஒரு பவளத் துண்டில் மட்டும் நிறம் மிச்சமிருந்தது.

“எதுக்கு அத்தான் இவ்வளவு இரை போட்டீங்க?”

“திட்டு வாங்கத்தான்.”

“அக்கா இருந்தப்ப வாங்கினது பத்தாதா?” என்று சிரிக்கப் பார்த்தான் ஷெல்டன், முடியவில்லை. “இந்தத் துண்டு பிழைச்சுக்கும். ஆனா குரல் இருந்தா நீங்க மறுபடியும் போடுவீங்க. நிப்பாட்டிரட்டா?”

ரூபன் பவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நிப்பாட்டு.”

வீடு அடங்கியது. விபத்து நடந்த அன்று வண்டிச் சாவியோடு வாசலில் நின்று, அவளே தன் வாயால் கடைசியாகச் சொன்னது அப்போதுதான் அவனுக்குக் கேட்டது:

“மீனுக்கெல்லாம் போட்டுட்டேன். நீங்கதான் இன்னும் சாப்பிடல.”