தேசம்மாளின் முழங்கால்

அடிக்க வருகிறவனிடமிருந்து ஓட முடிந்தவர்கள் ஓடிவிட வேண்டும். ஓட முடியாதவர்கள் மட்டுமே திருப்பி அடிக்கலாம். அதுதான் சட்டம். யாரால் ஓட முடியாதோ அவர்கள் மணிக்கட்டுப் பட்டை சிவப்பாக எரியும்.

ரவுடி தர்மு நுழைந்தால் மீன் மார்க்கெட்டே கூடைகளைப் போட்டுவிட்டு ஓடும். முழங்கால் தேய்ந்த தேசம்மாளுக்கு மட்டும் பட்டை சிவப்பு. ஒருநாள் அவள் கட்டையால் போட்ட போட்டில் அவன் சுருண்டு விழுந்தான். அன்றிலிருந்து அவள் பக்கம் அவன் வருவதில்லை. மற்றப் பெண்களும் அவளைச் சுற்றியே கடை போட்டார்கள்.

"முட்டிய மாத்திட்டா வலி போயிரும். சின்னப் பொண்ணாட்டம் ஓடலாம்மா" என்றார் டாக்டர்.

வலி உயிரைத்தான் எடுத்தது. ஆனாலும் தேசம்மாள் யோசித்தாள்.

"ஏன் டாக்டரு, வலிய மட்டும் எடுத்துட்டு, நொண்டுறத அப்டியே வுட முடியுமா?"