ராணிக்குப் பிடித்த கடிவாளம்

"வாய் மட்டும் கொஞ்சம் நாசூக்கு, அண்ணாத்தே. புடிச்ச கடிவாளம் மாட்டிட்டா பசு மாதிரி நடக்கும்," என்றான் கோவிந்தன்.

பூந்தமல்லியில் ஜட்காவில் ஏற ஆள் இல்லை. குதிரை ராணியை விற்றுவிட்டு ஆட்டோ ஓட்டுவதென்று முடிவு செய்திருந்தான். வாங்க வந்தவர், மாங்காட்டில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஜெயபால். மூன்று விதக் கடிவாளம் கொண்டுவந்திருந்தார்.

ராணியை விற்கக்கூடாதென்று சோறு தின்னாமல் அழுத அவன் மனைவி பேபிகூட இன்று தேறியிருந்தாள்.

"இரும்பு சில்லுனு கீதுண்ணா. குடு, வெந்நீர்ல முக்கித் தர்றேன்," என்று பக்கெட்டோடு வந்தாள்.

முக்கிக் கொடுத்த இரும்பை ராணி துப்பியது.

"ரப்பர் சுத்துனது மெத்துனு இருக்கும்," என்றார் ஜெயபால்.

பேபி அதையும் முக்கிக் கொடுத்தாள். ராணி உதட்டைச் சுருட்டிக்கொண்டு தலையை உதறியது. கடைசியில், தோல் சுற்றிய கடிவாளத்தையும் முக்கிக் கொடுத்தாள். அது வாயில் பட்டதுமே முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இன்னா கோவிந்தா, மாப்பிள்ளைய சாக்கடைல தள்றதுக்கா நான் வாங்கினு போறது?"

ஜெயபால் கடிவாளங்களை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"குதிரைக்கு வாய்க்கொழுப்பப் பாரு!" எரிச்சலோடு வெற்றிலையைத் துப்பிய கோவிந்தன், பக்கெட் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்தான். முகம் கோணிப்போயிற்று.

"த்தூ! இன்னாடி தண்ணி இது, இப்டி கசக்குது?"

"நெலவேம்பு. நல்லா கொதிக்க வெச்சேன்," என்றாள் பேபி, ராணிக்கு வெல்லக்கட்டியை ஊட்டிக்கொண்டே. "உன் வாயே தாங்கல. அத்தப் போயி கொற சொல்ற!"