மயக்க மருந்துக்கு முன்

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே சக்கரக் கட்டிலில் என் தம்பி படுத்திருக்கிறான். குழல்விளக்கின் வெளிச்சம் அவன் வழுக்கையில் மங்கலாக விழுகிறது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, படிவத்தில் குடிப்பழக்கம் என்ற வரிக்கு எதிரே நான் எழுதிய "இல்லை"யின்மேல் பேனா முனையை வைத்தபடி நிற்கிறார். காலையிலிருந்து மூன்று அறுவை சிகிச்சை பார்த்த களைப்பு அவர் கண்ணில். "ஐயா, ஈரல் செல்லுக்குள்ள வழவழப்பான எண்டோபிளாச வலைன்னு ஒண்ணு இருக்கு. விஷத்தை முறிக்கிறது அதோட வேலை. தினம் குடிக்கிறவங்களுக்கு அது பெருத்துக் கிடக்கும். என் மருந்தையும் சீக்கிரமா முறிச்சிடும். தெரியாம வழக்கமான அளவு கொடுத்தா, பாதியில முழிச்சிடுவார்." "எங்க பரம்பரையிலேயே அந்தப் பழக்கம் கிடையாதும்மா," என்கிறேன். கட்டிலின் தலைமாட்டில் நிற்கும் தம்பி மனைவி தரையைப் பார்க்கிறாள். "அந்த வலைக்கு நம்ம பரம்பரையைத் தெரியாதுண்ணே," என்கிறான் தம்பி. சிரிக்கப் பார்த்து உதடு கோணிக்கொள்கிறது. போர்வைக்கு வெளியே அவன் விரல்கள் நடுங்குகின்றன. இருபது வருடமாக அதை நரம்புத் தளர்ச்சி என்றே எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். கை நீட்டிப் பேனாவை வாங்குகிறேன். "இல்லை"யை அடித்துவிட்டு "தினமும்" என்று எழுதுகிறேன். பக்கத்தில், அப்பாவின் முதலெழுத்தோடு என் முழுக் கையெழுத்தையும் போடுகிறேன்.