பேசிக்கிட்டே இரு

விசைத்தறிக் கூடத்தில் விழுந்து மண்டையில் அடிபட்ட மாடக்கண்ணு கண்ணே திறக்கவில்லை.

"மூளையிலேருந்து நினைவு எப்படி வருதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாதும்மா. நீ காதுகிட்ட பேசிக்கிட்டே இரு. உள்ளே நினைவு இருந்தா அசைவார்," என்றார் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி டாக்டர்.

அவன் மனைவி ஆறுமுகத்தாய் அன்றிலிருந்து வாயை மூடவில்லை. ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள். "நான் இங்கன கெடந்து சாவுதேன், ஒங்களுக்குத் தூக்கம் கேக்குதோ?" என்று ஏசியும் பார்த்தாள். தொண்டை கட்டிப்போனது.

மூன்றாம் நாள் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவு பேசியும் அசைவில்லை. இனி நினைவு வராது. வீட்டுக்குக் கொண்டு போயிரு." சீட்டு எழுத ஆரம்பித்தார்.

"ஐயா, ஒரு தடவை உள்ளங்காலைத் தட்டிப் பாக்கட்டா? வீட்டுல அப்படித்தான் எழுப்புவேன்."

"ஏன், கூப்பிட்டா எந்திரிக்க மாட்டாரா?"

"இருவது வருசத் தறிச் சத்தம்லா ஐயா. அவுகளுக்குக் காது கேக்காது."

டாக்டர் சீட்டைக் கிழித்துப் போட்டார். "அப்போ மூணு நாளா எதுக்கும்மா தொண்டை கிழியப் பேசுனே?"

"நீங்கதான பேசச் சொன்னிய? படிச்சவுக சொல்லுதியளே, மூளைக்குன்னு தனியா ஒரு காது இருக்கும்போலன்னு நெனச்சேன்."