ராப் பாட்டில் கெட்டிமேளம்

"ராகம், தாளம்னு எதுவும் வேணாம்ணே. நான் விரலை ஆட்டுறப்ப கெட்டிமேளம், அம்புட்டுத்தான்" என்றான் ராப் பாடகன் நஜீம்.

தவில்காரர் அழகுபாண்டிக்கு இதுதான் முதல் ஆல்பம். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஜீமின் விரல் ஆடியபோதெல்லாம் வெளுத்து வாங்கினார்.

பாட்டு வெளிவந்தபோது பாதிக்குப் பாதி அவருடைய அடிதான். பழங்காநத்தம் முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தார்.

அடுத்த முகூர்த்தத்தில் அவர் கெட்டிமேளம் கொட்டியதும், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாலியும் கையுமாக இருந்த மாப்பிள்ளையும் சிரித்தான்.

அழகுபாண்டி நஜீமுக்கு போன் போட்டார். "என்னையப் பாத்து ஏன் தம்பி சிரிக்கிறாய்ங்க?"

"கல்யாணத்துல கெட்டிமேளம் எதுக்குண்ணே அடிக்கிறீங்க?"

"கெட்ட சொல்லு காதுல விழக் கூடாதுன்னு."

"பாட்டுலயும் அதுக்குத்தாண்ணே. எங்க அத்தாவும் கேப்பாருல்ல?"